பரமக்குடியா, மதுரையா?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு வார இதழின் கோடை இணைப்புக்குக் கட்டுரை கேட்டார்கள். "சித்திரைத் திருவிழாவுக்கு எந்த ஊருக்குப் போகலாம்? நாலு ஊரைச் சொல்லுங்க. எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம், பிள்ளைகளுக்கு என்ன வேடிக்கை. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும் சார்." வந்த வேலை இவ்வளவுதான். நானும் ஜாலியான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எழுதிய முதல் வரிகள் இவை:

சித்திரா பௌர்ணமிக்கு அழகர் வைகையில் இறங்குவது மதுரையில் மட்டும்தான் என்று நினைப்பவர்களே, சற்றுக் கிழக்கே வாருங்கள். பரமக்குடியிலும் அதே நாளில், அதே வைகையில், அழகர் இறங்குகிறார். அங்கேயும் ஆற்று மணலில் ராட்டினம், மரணக்கிணறு, டெல்லி அப்பளம். ஒரே நாள், ஒரே ஆறு, இரண்டு ஊர். அப்படியானால் எந்த ஊருக்குப் போவது?

கேள்விக்குறி போட்டு நிமிர்ந்தால் எதிரே ஒரு பெண் நிற்கிறாள். முப்பது வயதிருக்கும். முகமும் தலைமுடியும் நனைந்திருக்கின்றன. குளித்த ஈரமில்லை. மாரடித்து அழுது மயங்கி விழுந்தவளை, யாரோ தண்ணீர் தெளித்து எழுப்பிய ஈரம். நான் போட்ட கேள்வியையே அவளும் கேட்டாள். ஆனால் அவள் கேட்டதில் வேடிக்கை ஏதும் இல்லை. கட்டுரை அதோடு படுத்துவிட்டது.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

முதல் தடவை: "கடலாடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கரி மூட்டம் போட்டுப் பிழைத்துவந்த மூக்கையா என்பவர் சித்திரா பௌர்ணமியன்று விடியும்போது காலமானார்." செய்தித்தாள் மூலையில் போடலாம். தள்ளு.

இரண்டாம் தடவை: "சீமைக் கருவேலங்காட்டுக்கு மேலே வெயில்..."

போதும். செத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு வெயிலை வர்ணிக்கிறவனை நாலு சாத்து சாத்தவேண்டும்.

மூன்றாவது நிற்கிறது. அது என்னுடையதில்லை, பூமிநாதன் வாயிலிருந்து வந்தது. பூமிநாதன், செத்துப்போன மூக்கையாவின் தம்பி. அந்த ஈரத்தலைப் பெண் மூக்கையாவின் மகள் முருகேஸ்வரி. அவளுக்கு இவர் சித்தப்பா.

"ஏத்தா, உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? பெத்த அப்பன் வீட்டுக்குள்ள கெடக்கையில பொம்பளப்புள்ள திருவிழாவுக்குப் போவாளா?"

"திருவிழாவுக்கு இல்ல சித்தப்பா. தம்பியக் கூட்டியாரப் போறேன்."

"எந்தத் தம்பி? 'நீ செத்தாலும் கொள்ளி வைக்க வரமாட்டேன்'னு ஊரறியச் சொல்லிட்டுப் போனானே, அந்தத் தம்பியா?"

முருகேஸ்வரியின் ஆத்தா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. வாக்கப்பட்ட ஊரிலிருந்து வந்து, மாசக்கணக்காக அய்யாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கொண்டு கிடந்தவள். அவளிடம் இதை இந்த நேரத்தில் கேட்டிருக்க வேண்டாம். பூமிநாதனுக்கே அது உறைத்திருக்கவேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார்.

"இந்தா அய்யப்பன் நிக்கிறான்," என்று தன் மகனைக் காட்டினார். அய்யப்பன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணன் மகன் வேற, தம்பி மகன் வேறயா? இவன் வப்பான் கொள்ளி. பொழுது சாய முன்ன தூக்கிருவோம்."

(குளிர்ப்பெட்டி வைத்து மறுநாள் வரைக்கும் காக்கலாமே என்பீர்கள். பெட்டி வந்திருக்கிறது. கரண்டுதான் வருவதும் போவதுமாக இருக்கிறது.)

"நான் வாரவரைக்கும் எடுத்துறாதீக சித்தப்பா. அய்யா கடைசியாக் கேட்டது அவனத்தான். உங்க கால்ல விழுறேன்." சொன்னதோடு நிற்கவில்லை, விழுந்தேவிட்டாள்.

பூமிநாதன் கெட்டவரில்லை. காலை இழுத்துக்கொண்டார், துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். "சரி, போ. வெளக்கு வைக்க முந்தி வரலேன்னா எடுத்துருவேன். பெறகு என்னையக் குத்தம் சொல்லப்படாது. எங்கன போயித் தேடுவ அவன?"

"மதுரைக்கு."

இதுதான் கதை. விளக்கு வைப்பதற்குள் அவள் தம்பியைக் கொண்டுவந்து அய்யாவுக்குக் கொள்ளி வைக்கச் செய்யவேண்டும். பஸ்ஸுக்கும் தேடலுக்கும் திரும்பி வருவதற்கும் ஒரு பகல்தான் இருக்கிறது, ஒரு ஊருக்குத்தான் நேரம் காணும். ஏன் மதுரை என்பதைச் சொல்லவேண்டுமானால் நான் சாம்பலுக்குப் போகவேண்டும்.

3

தம்பி மாரிச்செல்வம் ஏன் வீட்டை விட்டுப் போனான்? முதலில் காதல் விவகாரம் என்று எழுதினேன். எழுதின எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டு யோசித்தேன். அந்தக் கருவேலங்காட்டுப் பக்கத்து வீடுகளில் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று கிடைத்தது.

மூக்கையாவின் பிழைப்பு கரி மூட்டம்.* வெட்டிய கருவேல விறகைக் குன்றுபோல அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, உள்ளே நெருப்பை வைத்து அடைத்துவிடுவார்கள். காற்றுப் புகாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கினால் விறகு கரியாகும். பூச்சில் எங்கேயாவது ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்துவிட்டால் எல்லாம் எரிந்து சாம்பலாகும். அதனால் மூட்டத்தை விட்டு ஆள் நகரக்கூடாது. ஓட்டை விழுந்தால் உடனே மண்ணை அப்பவேண்டும்.

(* எழுதுகிறவன் மூட்டம் போட்டவனில்லை. பக்கத்தில் நின்று இருமியிருக்கிறான், அவ்வளவுதான்.)

ஒரு சித்திரையில், அழகர் இறங்குகிற அன்றைக்குப் பார்த்து, காவல் மாரிச்செல்வத்தின் தலையில் விழுந்தது. வயசுப்பையன். கூட்டாளிகள் எல்லோரும் பரமக்குடிக்குக் கிளம்பினார்கள். போய் ராட்டினம் சுற்றிவிட்டுச் சட்டென்று வந்துவிடலாம் என்று இவனும் போனான்.

திரும்பி வந்தபோது மூட்டம் இருந்த இடத்தில் சாம்பல் மேடு. அவன் தலையெல்லாம் திருவிழாவில் தூவிய ரோஸ் கலர் பொடி, கையில் அக்காவுக்கு வாங்கிய கண்ணாடி வளையல். மூக்கையா விறகு கட்டுகிற கயிற்றை எடுத்தார். ஊர் கூடி நின்று பார்க்க, முதுகுத்தோல் பிய்கிற மாதிரி அடித்தார். முருகேஸ்வரி குறுக்கே போய் விழுந்தாள், அவளுக்கும் முழங்கையில் ஒன்று விழுந்தது. வளையல் நொறுங்கியது அவனுடைய கைக்குள்ளேயே.

"ஏலே, நீயெல்லாம் ஒரு புள்ளையாடா?"

"இல்ல. இனிமே உனக்குப் புள்ளையே இல்ல. நீ செத்தாலும் கொள்ளி வைக்க வரமாட்டேன்."

போனவன் போனவன்தான். ஒரே ஒரு தடவை, யாருடைய போனிலிருந்தோ அக்காவைக் கூப்பிட்டான். ராட்டினக்காரர்களோடு சேர்ந்துவிட்டதாகவும் திருவிழாவுக்குத் திருவிழா ஊர் மாறுவதாகவும் சொன்னான். "இப்ப எங்கனடா இருக்க?" என்றாள். "அய்யா கேக்கச் சொன்னாரா?" என்று கேட்டான். அய்யா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், மகள் கையிலிருந்த போனையே பார்த்தபடி. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வைத்துவிடுவானோ என்று பயந்து தயங்கினாள். தயங்கினதிலேயே வைத்துவிட்டான். அப்புறம் அந்த எண் உபயோகத்திலேயே இல்லை.

(தொலைபேசி. இதழ்க்காரர்கள். "சார், நாலு ஊர் ஆச்சா?" "ரெண்டுதான் ஆச்சு." "இன்னும் ரெண்டு சேத்துக்குங்க. ஹோட்டல் நம்பர் போட மறந்துறாதீங்க." சரி என்று சொல்லி வைத்தேன். வேறு என்னத்தைச் சொல்ல?)

4

அடுத்த சித்திரையிலிருந்து மூக்கையா வருஷம் தவறாமல் பரமக்குடித் திருவிழாவுக்குப் போனார். வேண்டுதல் என்று ஊர் நினைத்தது. அன்றைக்கு எந்தத் திருவிழாவுக்காகக் காவலை விட்டுவிட்டுப் போனானோ அந்தத் திருவிழாவுக்கு ஒருநாள் வராமலா போவான் என்பது அவருடைய கணக்கு. முருகேஸ்வரிக்கு மட்டும்தான் அது தெரியும்.

ஆற்று மணலில் கடைகடையாக நடப்பார். ராட்டினத்துக்கு அடியில் நின்று, டிக்கெட் கிழிக்கிறவன், கயிறு பிடிக்கிறவன், தூணோரம் சாய்ந்து தூங்குகிறவன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். "மாரிச்செல்வம்னு ஒரு பய இருக்கானாப்பா?" என்று கேட்பார். அப்படி யாரும் இல்லையே பெரியவரே என்பார்கள். மறுநாள் கால் வீங்கி வந்து சேர்வார். மகள் வெந்நீர் ஊற்றுவாள்.

அவருடைய கண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரிப்புகையில் வெந்த கண். எதிரே இருப்பது தெரியும். வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்தால்தான் ஆகாது, பொலபொலவென்று தண்ணீர் ஊத்தும். துண்டை வைத்துப் பொத்திக்கொள்வார். வீட்டில் ட்யூப் லைட்டுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருவார். இது முருகேஸ்வரிக்கும் தெரியும். தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வருகிறதா என்ன?

போன வாரம், கிட்னி இரண்டும் போய், உடம்பு ஊதிக் கிடந்தபோது மகளைக் கூப்பிட்டார்.

"பரமக்குடில அவன் இல்லத்தா. சல்லட போட்டுச் சலிச்சிட்டேன். ஒரு மொகம் விடல. இந்தத் தடவ மதுரைக்குப் போவணும். பெரிய ஊரு, பெரிய ராட்டினம். அங்கனதான் இருப்பான்."

"ஒடம்பு தேறட்டும்யா. ரெண்டு பேருமாப் போவோம்."

"நான் போக முடியலேன்னா நீ போ. அய்யா அடிச்சது தப்புன்னு சொல்லு. சாம்பலுக்காகப் புள்ளையப் போட்டு அடிச்சிட்டேன்." அழுதார். அழுவதற்குக்கூட அவருக்கு மூச்சு போதவில்லை.

இதற்குமேல் அவள் வேறு எந்த ஊருக்குப் போவாள்?

5

இப்போது ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் கடைசிவரை இழுத்தடித்து உங்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம். ஒரு செத்த வீட்டை வைத்து அந்த வித்தை காட்ட எனக்கு மனசு வரவில்லை.

மாரிச்செல்வம் பரமக்குடியில்தான் இருக்கிறான்.

எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அவனை அங்கே வைத்தவனே நான்தான். அங்கே அவனுக்கு மாரிச்செல்வம் என்ற பேர் கிடையாது. ராட்டினக்காரர்கள் அவனை ஜில்லா பேரை வைத்து 'ராமநாடு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் வேலை மேலே. நட்டு முடுக்குவது, பியூஸ் போன பல்பை மாற்றுவது. பயமில்லாமல் ஏறுகிறவன் என்று அவனுக்குப் பேர்.

அய்யா வந்த முதல் வருஷமே அவன் பார்த்துவிட்டான். உச்சியில் இருந்தான். இடது தோள் தாழ்ந்த அந்த நடையும் வெள்ளைத் துண்டும் எத்தனை கூட்டத்திலும் அவனுக்குத் தெரியும். கீழே அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை. இவனும் இறங்கவில்லை. அப்போது கோபம், முதுகு இன்னும் எரிந்தது. அடுத்த வருஷம் கோபம் இல்லை, வெட்கம். அதற்கடுத்து என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது என்று தெரியாத ஒரு இது. ('ஒரு இது' என்பதற்கு நல்ல வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. இருக்கட்டும்.)

போன வருஷம் அய்யா ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். அதைப் பார்த்ததும் இவன் மளமளவென்று பாதி தூரம் இறங்கிவிட்டான். அதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. (பாதி தூரம் என்பதை நம்புகிறீர்களா? எனக்கே சந்தேகம்தான். கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கினான், அதுவரைக்கும் நிச்சயம்.)

இந்த வருஷம் அய்யா வந்தால் கீழே குதித்தாவது போய்க் காலைப் பிடித்துவிடுவது என்று இருக்கிறான். விடிந்ததிலிருந்து உச்சிக் கம்பியில் உட்கார்ந்து வெள்ளைத் துண்டைத் தேடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் இறங்கவில்லை.

பரமக்குடியை அய்யா சலித்துவிட்டார் என்பதால்தான் மகள் மதுரைக்குப் புறப்பட்டாள். பாவி, இப்படியா எழுதுவது என்று என்னை வையுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

6

கடலாடியிலிருந்து மதுரை பஸ். எள் விழ இடமில்லை. எல்லாம் திருவிழாக் கூட்டம். முருகேஸ்வரிக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தவள் மீனம்மாள் என்ற வாயாடி, மதுரையில் பேரனுக்கு முடியெடுக்கப் போகிறாள். மடியில் பேரன், பையில் புளியோதரை.

"நீயும் அழகரப் பாக்கவா தாயி?"

"ஆமா."

"என்ன வேண்டுதலு?"

"தம்பி வரணும்னு."

"வந்துருவான், வந்துருவான். அழகர நெனச்சுக்க. இந்தா, ஒரு வாய் சாப்புடு. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு."

செத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பசிக்கத்தான் செய்தது. பசிக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது. ஒரு பிடி வாங்கித் தின்றாள். அய்யா அங்கே கிடக்க, நான் இங்கே திருவிழா பஸ்ஸில் புளியோதரை தின்கிறேன் என்று நினைத்ததும் புரையேறியது. மீனம்மாள் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். பின்சீட்டில் எவனோ போனில் பாட்டை அலறவிட்டான்.

முதுகுளத்தூர் தாண்டியதும் பூமிநாதன் கூப்பிட்டார். "தாயி, கரண்டு மறுபடி போயிருச்சு. பெட்டில தண்ணியா ஒழுகுது. என்னால ரொம்ப நேரம் தாக்காட்ட முடியாதுத்தா." அவர் குரல் உடைந்திருந்தது. அவருக்கும் அவர் அண்ணன்தானே.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. அவள் மதுரைக்குப் போகிறாள். ராட்டினம் ராட்டினமாக அலைகிறாள். கை முழுக்கக் கிரீஸோடு ஒருத்தன் அவள் காட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "நம்ம ராமநாடு! அவன் பரமக்குடிலதானக்கா இருக்கான்?" என்கிறான். அவனே போன் போட்டும் தருகிறான். "அய்யா செத்துட்டாருடா" என்று இவள் சொல்கிற நேரத்தில், அங்கே விளக்கு வைத்தாயிற்று, அய்யப்பன் தோளில் குடம் ஏறியாயிற்று. இதை முழுசாக எழுதினேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டு. பரமக்குடிக்கு முன்னால் மீனம்மாளின் பேரன் வாந்தி எடுக்கிறான். கழுவிக்கொள்ள இறங்குகிறாள் முருகேஸ்வரி, பஸ்ஸை விட்டுவிடுகிறாள், தம்பியைப் பார்த்துவிடுகிறாள். சே! ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததால் ஒரு மனுஷனுக்கு மகன் கையால் கொள்ளி கிடைத்தது என்று எழுத வெட்கமாக இல்லையா? இருக்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்று. அவள் அவனைக் கண்டுபிடிக்கிறாள். அவன் மேலே இருந்தபடியே...

எழுத முடியவில்லை. அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. இறங்கத்தான் இருக்கிறான் என்று எழுதியவன் நான்தான். ஆனால் அவன் இறங்க நினைத்தது உயிரோடு வருகிற அய்யாவுக்காக.

8

பஸ் பரமக்குடிக்கு வெளியே நாலுவழிச் சாலையில் நின்றுவிட்டது.

"பரமக்குடி எறங்குறவுகல்லாம் எறங்குங்க. கூட்டம், ஊருக்குள்ள வண்டி போவாது. அடுத்து மானாமதுரதான்."

பாதிப்பேர் இறங்குகிறார்கள். முருகேஸ்வரி ஜன்னல் வழியே பார்க்கிறாள். தூரத்தில், வீடுகளுக்கு மேலே ராட்டினத்தின் மேல்பாதி தெரிகிறது. பகல் என்பதால் ஓடவில்லை. உச்சிக் கம்பியில் ஈ அளவுக்கு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். ஆள் அடையாளம் தெரிகிற தூரமில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் அண்ணாந்தாள். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கண் கூசிப் பொலபொலவென்று தண்ணீர் வந்தது. முந்தானையை எடுத்துக் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

பொத்திய கையை எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அய்யாவும் இப்படித்தான் துண்டால் பொத்திக்கொள்வார், ராட்டினத்தடியில் அவர் அண்ணாந்திருக்கவே முடியாது.

"என்ன தாயி, கண்ணுல தூசியா?" என்கிறாள் மீனம்மாள்.

அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். இறங்கினால், அய்யா கடைசியாகச் சொன்ன ஊரைத் தட்டினவள் ஆவாள். வருஷா வருஷம் கால் வீங்க அவர் நடந்ததெல்லாம் வீண் என்று அவர் பிணமாகக் கிடக்கிற நாளிலேயே ஒத்துக்கொண்டவள் ஆவாள். இறங்கிப்போய் அவன் இல்லையென்றால் மதுரையும் போச்சு, விளக்கு வைக்கிற நேரமும் போச்சு. இறங்காமல் போனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினவள். அப்படிப் போகிறவளை ஊரில் ஒருவரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

இடுப்பில் போன் அடிக்கிறது. சித்தப்பாவாகத்தான் இருக்கும்.

"அண்ணே," என்றாள் கண்டக்டரிடம். ஒரு கை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.

"சொல்லும்மா. எறங்குறியா, இல்லையா?" அவர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

அவளுடைய அடுத்த வார்த்தையை நான் எழுதவில்லை. எதை எழுதினாலும் அது என் இரக்கமாகவோ என் கொடுமையாகவோ ஆகிவிடும். இதழ்க்காரர்கள் என்னைக் கேட்ட கேள்வியை நான் உங்களிடம் கேட்டுவிடுகிறேன். மேலே உட்கார்ந்திருக்கிறவன் இன்னும் வெள்ளைத் துண்டைத்தான் தேடுகிறான். அங்கே பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் அவளிடம் சொல்லுங்கள்.

எந்த ஊர்?